களவு போன ஆறு அங்குலம்

ஸ்பிரிங்வேல்
4 பெப்ரவரி 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகம். முழங்காலுக்குப் புது மூட்டுப் போட்டு எட்டு மாதமாகிறது. படி ஏறும்போது மட்டும் கொஞ்சம் முறைக்கிறது. உங்கள் பிரஷர் எப்படி? அண்ணியின் தோள் நோ குறைந்துவிட்டதா?

ஏன் திடீரென்று கடிதம் என்று யோசிப்பீர்கள். போன் எடுத்தால் நீங்கள் ஸ்பீக்கரில் போடுகிறீர்கள். நான் உங்களிடம் ஒன்று கேட்க, குசினிக்குள்ளிருந்து அண்ணி பதில் சொல்லுவா. உங்கள் மகள் வினுஷா வந்து "ஹாய் மாமி" என்பாள். நீங்கள் "ஓம், ஓம், பிறகு கதைப்பம்" என்று வைத்துவிடுவீர்கள். இந்த விஷயத்தை இடையில் ஒருவரும் புகாமல் நீங்கள் கடைசி வரி வரை வாசிக்க வேண்டும்.

ஓகஸ்டில் ஓய்வு பெறுகிறேன். பத்தொன்பது வருடம் மெல்பேண் தெருக்களில் ட்ராம் ஓட்டியது போதும். அதன் பிறகு நாட்டின் மறுகரையில் இருக்கும் பேர்த்துக்குப் போகப் போகிறேன். தனியாக, மோட்டார் சைக்கிளில்.

பழைய மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டேன். சிக்னலில் நிற்கும்போது அந்தப் பாரத்தை இடது காலில் தாங்க இனி முடியாது. வாங்கப் போவது மூன்று சில்லு வைத்தது. நின்றாலும் விழாது. தூரப் பயணத்துக்கென்றே செய்கிறார்கள்.

நீங்கள் வாழ்நாள் முழுக்க நில அளவையாளராக இருந்தவர். இருக்கை, கால் பலகை, ஹாண்டில், இந்த மூன்றுக்கும் இடையில் உள்ள தூரம்தான் சுகமான பயணம் என்கிறார்கள். அதுவும் என்னைப் போன்ற உயரமான நெடுவலுக்கு. எப்படி அளந்து பார்க்க வேண்டும் என்று எழுதுங்கள். கேட்பது உங்கள் அபிப்பிராயத்தை. அனுமதியை அல்ல.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும்.

அன்புத் தங்கை,
யோகா


வென்ட்வேர்த்வில், சிட்னி
19 பெப்ரவரி 2024

என் அன்புத் தங்கை யோகாவுக்கு,

முருகன் அருளால் இங்கு யாவரும் நலம். பிரஷர் அடங்கித்தான் இருந்தது, உன் கடிதம் வரும் வரைக்கும்.

உனக்கு ஐம்பத்தைந்து வயது. அதை ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. முழங்காலில் இரும்பு வைத்துக்கொண்டு, ஆளில்லாத பாலைவனத்தில், ஆட்டோவின் கூரையைக் கழற்றிவிட்ட மாதிரி ஒரு சாமானில் நீ போகப் போகிறாய். சனம் சிரிக்காதா?

வீட்டுக்குப் பின்னால் கட்டிய சின்ன வீட்டுக்கு, அந்தக் கிரானி பிளாட்டுக்கு, போன கிழமை பெயின்ற் அடித்து முடித்தோம். நீ ஓய்வு பெற்றதும் வந்துவிடுவாய் என்றுதான் கட்டினோம். மேய்ஸ் ஹில் கோயில் காரில் ஐந்து நிமிடம். வெள்ளிக்கிழமைகளில் அங்கே என்னைக் காண்கிறவர்கள் எல்லாம் உன்னைத்தான் கேட்கிறார்கள். "தங்கச்சி இன்னும் தனியவோ? ஏன் அவவுக்கு ஒண்டும் சரிவரேல்லை?" நானும் வழக்கம்போல, "உயரம் கூடிப்போச்சு, என்ன செய்யிறது" என்று சமாளிக்கிறேன். இனிமேல் மூன்று சில்லு மோட்டார் சைக்கிளையும் சேர்த்துச் சொல்லட்டோ?

அளவு விஷயத்தில் எனக்கு அபிப்பிராயம் இல்லை. நான் அளந்தது நிலத்தை.

அண்ணி உனக்கு மிளகாய்த்தூள் இடித்து வைத்திருக்கிறா. வந்து எடு.

அன்புடன் அண்ணா,
சிறிதரன்


ஸ்பிரிங்வேல்
3 மார்ச் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகம். நீங்களும் சுகமாக இருந்து, இதை வாசித்த பிறகும் சுகமாக இருக்க வேண்டும்.

சனம் சிரித்தால் சிரிக்கட்டும். பெட்டி பெட்டியாகச் சனத்தை ஏற்றிக்கொண்டு, மழைக்குள், குறுக்கே ஓடுகிற குடிகாரர்களையும் பார்த்துக்கொண்டு நான் ட்ராம் ஓட்டியபோது ஒருவரும் சிரிக்கவில்லை.

டன்டினோங்கில் ஒரு கடையில் இரண்டு வகை ஓட்டிப் பார்த்தேன். முதலாவதுக்கு முன்னால் இரண்டு சில்லு, பின்னால் ஒன்று. பார்க்க நண்டு மாதிரி. றோட்டை நன்றாகப் பிடிக்கிறது. ஆனால் முழங்கால் மடிந்தபடியே இருக்க வேண்டும். அரை மணித்தியாலத்தில் புது மூட்டு என்னோடு சண்டைக்கு வந்துவிட்டது. மற்றதுக்குப் பின்னால் இரண்டு சில்லு. சாய்மனைக் கதிரையில் இருப்பதுபோல் காலை முன்னுக்கு நீட்டலாம். றிவேர்ஸ் கியர் இருக்கிறது. ஒன்று மட்டும் பழக வேண்டும்: வளைவில் அது சாயாது. சாய்ந்து பழகிய உடம்பு முதல் இரண்டு வளைவில் ஏமாறும். மூன்றாவதில் ஹாண்டிலைத் திருப்பப் பழகிவிட்டேன்.

குறை என்னவென்றால் முன் கண்ணாடி பதிவு, என் உயரத்துக்குக் காணாது. காற்று அதற்கு மேலால் வந்து நேரே ஹெல்மெட்டில் அடித்துத் தலைக்குள் பறை கொட்டுகிறது. அங்கே வேலை செய்யும் பிரதீப்குமார் என்ற கோயம்புத்தூர்ப் பெடியன், ஆளின் அளவைக் கொடுத்தால் இருக்கையையும் கண்ணாடியையும் அதற்கேற்பச் செய்து தருவதாகச் சொன்னான்.

கிரானி பிளாட்டின் படத்தை வினுஷா அனுப்பியிருந்தாள். வடிவாக இருக்கிறது. பக்கத்தில் நிற்கிற அண்ணியை வைத்துப் பார்த்தால் குசினி மேசை என் தொடைக்குத்தான் வரும். அதில் மரக்கறி வெட்ட நான் முழங்காலில் நிற்க வேண்டும். முழங்காலில் நிற்கக் கூடாது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார்.

அண்ணிக்கு என் அன்பு.

யோகா


வென்ட்வேர்த்வில்
11 ஏப்ரல் 2024

அன்புள்ள யோகா,

நலம். பதில் பிந்திவிட்டது. கோயில் திருவிழா வேலை.

குசினி மேசையை உயர்த்தலாம். மேசைக்காரனிடம் கேட்டிருக்கிறேன்.

நீ கடிதத்துக்குக் கடிதம் உயரத்தை இழுக்கிறாய். அது எப்போதோ கதைத்து முடித்த விஷயம். வண்டி வேண்டாம் என்பதற்கு வேறு நூறு காரணம் இருக்கிறது. பாலைவனத்தில் கங்காரு குறுக்கே பாயும். ஐந்நூறு கிலோமீற்றருக்கு ஆஸ்பத்திரி இல்லை. போன் வேலை செய்யாது. விமானத்தில் போ. ரிக்கெற்றை நான் எடுத்துத் தருகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணா


ஸ்பிரிங்வேல்
20 ஏப்ரல் 2024

அன்புள்ள அண்ணா,

எல்லோரும் நலம் என்று நம்புகிறேன். எனக்குத் தடிமன், மூக்கால் ஓடுகிறது, வேறொன்றுமில்லை.

முதல் கடிதத்தில் வயது, ஆட்டோ, சனம் என்றீர்கள். இப்போது கங்காரு. அடுத்த கடிதத்தில் முதலை வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு காரணம் உண்மையாக இருந்தால் அதையே திருப்பித் திருப்பிச் சொல்வீர்கள். எனக்கு உங்களைத் தெரியும்.

வண்டிக்கு ஓடர் கொடுத்துவிட்டேன். பின்னால் இரண்டு சில்லு வைத்தது, கடும் சிவப்பு. ஃபோர்மில் உயரம், நிறை எல்லாம் எழுதிக் கையெழுத்து வைத்தேன். ஜூனில் தருவார்கள்.

மேசையை உயர்த்த வேண்டாம். அதை அண்ணியின் அளவிலேயே விட்டுவிடுங்கள்.

அன்புடன்,
யோகா


வென்ட்வேர்த்வில்
29 ஏப்ரல் 2024

யோகா,

சுகம்தானே? தடிமனுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடி.

ஃபோர்மில் உயரம் எத்தனை என்று எழுதினாய்?

அண்ணா


ஸ்பிரிங்வேல்
23 ஜூன் 2024

அண்ணாவுக்கு,

நீங்கள் போன தரம் இரண்டே வரியில் ஒரு கேள்வி கேட்டிருந்தீர்கள். விசர்க் கேள்வி என்று நினைத்துப் பதில் போடவில்லை. நேற்றுத்தான் விளங்கியது.

வண்டி வந்துவிட்டது என்று கடைக்குப் போனேன். ஏறி இருந்தால், இரண்டு முழங்காலும் முன்னால் முட்டுகின்றன. ஹாண்டில் வயிற்றைக் குத்துகிறது. புதிதாகப் போட்ட கண்ணாடி மூக்குவரைக்கும்தான் வருகிறது. பிரதீப்குமாரைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். அவன் ஃபோர்மைக் கொண்டுவந்து காட்டினான்.

"அக்கா, நூத்தி அறுபத்தெட்டுன்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க. அந்த அளவுக்குத்தான் சீட்டே தச்சோம்."

என் கையெழுத்துத்தான். 168. ஐந்தடி ஆறு அங்குலம். யாராவது உயரம் என்று கேட்டால் என் கை தானாக எழுதுகிற எண் அது.

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "ஷூவக் கழட்டிட்டு அந்தச் சுவத்தோட நில்லுங்க" என்றான். நின்றேன். "நிமிருங்கக்கா." நிமிர்ந்தேன். "இன்னும். அட, நல்லா நிமிருங்கக்கா, யாரு அடிக்கப் போறா!" ஸ்டூலில் ஏறி அளவு நாடாவைப் பிடித்தான். நூற்று எண்பத்து மூன்று. சரியாக ஆறடி.

பிறகு அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "உயரம் ஒரு பிரச்சினையே இல்லக்கா. இதவிட உயரமானவங்களுக்கெல்லாம் பண்ணியிருக்கோம். தப்பான நம்பர் குடுத்ததுதான் பிரச்சினை. இத மொதல்லயே சொல்லியிருந்தா எல்லாம் அப்பவே சரியா வந்திருக்கும்."

வீட்டுக்கு வரும் வழி முழுக்க அந்தக் கடைசி வசனம் என்னை விடவில்லை.

ஐந்தடி ஆறு அங்குலம் என்று கலியாணக் குறிப்பில் எழுதியவர் நீங்கள். தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு, கொழும்பில், வெள்ளவத்தை லொட்ஜில். "ஆராவது கேட்டா நீயும் அதையே சொல்லு" என்றீர்கள். நோர்வேயிலிருந்து சிவபாலன் தாயோடு என்னைப் பார்க்க வந்தபோது என்னைக் கதிரையில் இருத்தி, "நீ எழும்பாதை, தேத்தண்ணியை அண்ணி குடுப்பா" என்றீர்கள். இருந்தேன். அவர்கள் போகிற நேரம் அந்த அம்மா எழும்பினா. பெரியவர் எழும்ப நான் இருந்தபடி இருக்கப் பழகவில்லை. நானும் எழும்பினேன். அவ்வளவுதான். மூன்று நாள் கழித்து வந்து, "பெடியனுக்கு உயரம் பிடிக்கேல்லையாம்" என்றீர்கள். அதற்குப் பிறகு நான் எந்தக் குறிப்புக்கும் சம்மதிக்கவில்லை. எந்தப் படத்திலும் நேராக நிற்கவுமில்லை.

அண்ணா, அன்றைக்குச் சிவபாலன் உண்மையில் என்ன சொன்னார்?

அண்ணியின் தோளை விசாரித்ததாகச் சொல்லவும்.

யோகா


ஸ்பிரிங்வேல்
21 ஜூலை 2024

அண்ணாவுக்கு,

நான் சுகம். நான்கு கிழமை ஆகிவிட்டது. போனில் இரண்டு தரம் மழையைப் பற்றிக் கதைத்தீர்கள். நான் கேட்டது மழையை அல்ல.

யோகா


வென்ட்வேர்த்வில்
10 ஓகஸ்ட் 2024

தங்கை யோகாவுக்கு,

நீ நலமாயிருக்க வேண்டும். என் சுகத்தை இம்முறை எழுதவில்லை.

இத்துடன் இருக்கும் பழைய கடிதம் சிவபாலன் எழுதியது. அவர் வந்துபோன மூன்றாம் நாள் லொட்ஜுக்கு வந்தது. முப்பத்தொரு வருடமாக என் சேர்ட்டிபிக்கற் ஃபைலுக்குள் இருந்தது. எரிக்கப் பலமுறை எடுத்தேன், எரிக்கவில்லை.

நீ பிரித்துப் பார்க்கும்போது நான் பக்கத்தில் இருக்கப் போவதில்லை என்பதால் அதில் உள்ளதை நானே எழுதுகிறேன். "உங்கள் தங்கையின் உயரத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அளவெடுப்பதையே தொழிலாகச் செய்கிறவர் சொந்தத் தங்கையில் ஆறு அங்குலம் குறைத்து எழுதியிருக்கிறார். வேறு எதைக் குறைத்திருப்பாரோ என்று அம்மா பயப்படுகிறா. தங்கை தன் கையால் தன்னைப் பற்றி எனக்கு ஒரு கடிதம் எழுதட்டும். அது போதும். நான் மாத முடிவு வரை கொழும்பில் நிற்பேன்."

மாதம் முடிய இன்னும் பதினாறு நாள் இருந்தது. நான் உன்னிடம் காட்டவில்லை.

அவர் என்னைப் பொய்யன் என்று எழுதியிருந்தார். அது உண்மை. அந்த வரியை நீ வாசிப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. ஆகவே பிழையைத் தூக்கி உன் உயரத்தின் மேல் போட்டேன். உயரம் எழும்பி வந்து எதிர்த்துக் கதைக்காது என்று நினைத்தேன். பிறகு கேட்ட சனத்துக்கெல்லாம் அதையே சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது உண்மையாகிவிட்டது.

கிரானி பிளாட்டை ஏன் கட்டினேன் என்று இப்போது உனக்கு விளங்கும். வண்டியை ஏன் வேண்டாம் என்றேன் என்பதும் விளங்கும். வண்டிக்காரர்கள் ஆளை அளப்பார்கள்.

அண்ணிக்கு இது எதுவும் தெரியாது.

அண்ணா


ஸ்பிரிங்வேல்
15 செப்ரெம்பர் 2024

அண்ணாவுக்கு,

உங்கள் பிரஷர் மருந்தை நேரத்துக்கு எடுங்கள். இதை அக்கறையோடுதான் எழுதுகிறேன்; கோபமும் இருக்கிறது. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கலாம்.

ஐந்து கிழமை எழுத முடியவில்லை. எழுதிய நான்கு கடிதங்களையும் கிழித்தேன். அவற்றில் இருந்த சொற்களை நீங்கள் வாசிக்காதது நல்லது.

சிவபாலனை நினைத்து நான் அழுததாக எண்ணாதீர்கள். அரை மணித்தியாலம் பார்த்த மனிதர். இப்போது பேரப்பிள்ளைகளோடு எங்கேயோ சுகமாக இருப்பார், இருக்கட்டும். அவருக்கு நான் "வேண்டாம்" என்றுகூட எழுதியிருப்பேன். ஆனால் அதை நான் எழுதியிருக்க வேண்டும், அண்ணா. என்னிடம் கேட்ட கேள்விக்கு நீங்கள் பதினாறு நாள் வாயை மூடிப் பதில் சொன்னீர்கள்.

எனக்கு ஆறாதது வேறு. வினுஷாவின் அரங்கேற்றப் படத்தை எடுத்துப் பாருங்கள். பின்வரிசையில் சேலைக்குள் முழங்காலை மடித்துக்கொண்டு நிற்கிறேன். சிவபாலன் போன பிறகு எடுத்த எல்லாப் படத்திலும் அப்படித்தான். டொக்டர் மூட்டுத் தேய்ந்ததற்கு என்னென்னவோ காரணம் சொன்னார். நான் ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன்.

வண்டியைத் திரும்பச் செய்துவிட்டார்கள். இருக்கையை நன்றாகப் பின்னுக்குத் தள்ளி, ஹாண்டிலை உயர்த்தி, கண்ணாடியை என் நெற்றிக்கு மேல் வரும்படி போட்டான் பிரதீப்குமார். போன சனி பலரட் வரை போய்வந்தேன். முதுகு நோகவில்லை, தலைக்குள் பறையும் இல்லை. காலை நீட்டினேன், பலகை சரியாக அங்கே இருந்தது. என் அளவுக்குச் செய்த முதல் சாமான் இது, அண்ணா.

ஆகவே முடிவுகள். ஒக்ரோபர் ஏழாம் திகதி புறப்படுகிறேன். சிட்னிக்குக் குடிவர மாட்டேன், கிரானி பிளாட்டை யாருக்காவது வாடகைக்குக் கொடுங்கள். மூன்றாவது: மேய்ஸ் ஹில் கோயிலில் எத்தனை வருடமாக என் உயரத்தைக் குற்றம் சொன்னீர்களோ, அதே இடத்தில், அதே ஆட்களுக்கு, நடந்ததைச் சொல்லுங்கள். என்னிடம் அழுது பிரயோசனம் இல்லை. அங்கே சொல்லுங்கள். அண்ணியும் நிற்கும்போது சொல்லுங்கள்.

சொன்னால் செடூனா தபாலகத்துக்கு என் பெயர் போட்டு எழுதுங்கள். தென் அவுஸ்திரேலியாவில் பாலைவன றோட்டுத் தொடங்குமுன் வருகிற கடற்கரை ஊர். நானே போய்க் கேட்டு எடுப்பேன். சொல்லாவிட்டால் எழுத வேண்டாம்.

யோகா


வென்ட்வேர்த்வில்
5 ஒக்ரோபர் 2024

தங்கை யோகாவுக்கு,

நீ சுகமாகப் போய்ச் சேர வேண்டும்.

சொல்லிவிட்டேன்.

நேற்று வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து சாப்பாட்டு வரிசையில் நின்றோம். வழக்கமாகக் கேட்கும் சஞ்சீவின் தாய் கேட்டா. "யோகா வாறாவாமே சிட்னிக்கு?" நான் இல்லை என்றேன். "பாவம், அந்த உயரத்தாலதானே எல்லாம்" என்றா. நான் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "உயரத்தால இல்லை. நான் பொய் எழுதினனான். வந்த கடிதத்தையும் ஒளிச்சனான்" என்றேன். சத்தமாகச் சொன்னேன் போலிருக்கிறது. வரிசை முழுக்கத் திரும்பியது. ஆகவே முழுவதையும் சொன்னேன், பதினாறு நாளையும் சேர்த்து.

ஒருவரும் என்னைத் திட்டவில்லை. ஒருவர் "பழைய கதை, விடுங்கோ" என்றார். அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. அண்ணி மட்டும் விடவில்லை. "அண்டைக்குத் தேத்தண்ணி குடுத்த என்ரை கையையும் உங்கடை பொய்யிலை சேர்த்திட்டியள்" என்றா. அதன் பிறகு என்னோடு கதைக்கவில்லை. இன்று என் சோற்றை நானே போட்டுச் சாப்பிட்டேன்.

என்னை மன்னித்துவிட்டாயா என்று கேட்கத் தகுதி இல்லை. கேட்கிறேன்.

அண்ணா


செடூனா
15 ஒக்ரோபர் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். முழங்கால் மாலையில் கொஞ்சம் வீங்குகிறது. ஐஸ் வைத்தால் இறங்கிவிடுகிறது. கங்காருக்கள் வந்தன. றோட்டோரம் நின்று என்னைப் பார்த்துவிட்டுப் போயின.

உங்கள் கடிதத்தைத் தபாலகத்துக்கு வெளியே வண்டியில் இருந்தபடி வாசித்தேன். பிறகு இறங்கி நின்று ஒருமுறை வாசித்தேன். அந்த வரிசையில் நீங்கள் தட்டைக் கீழே வைத்ததை என்னால் காண முடிகிறது. உங்களுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நன்றி எழுத மாட்டேன். அது எனக்கு வரவேண்டிய சாமான், பிந்தி வந்தது.

அண்ணியோடு நான் கதைத்தேன். அவவின் கோபம் அவவுடையது, அதில் நான் சமாதானம் பேசப் போவதில்லை. சோறு போட்டுச் சாப்பிடப் பழகுங்கள்.

நேற்று ஒரு பெற்றோல் செற்றில் நிரப்ப நின்றபோது ஒரு கிழவர் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, நீ எவ்வளவு உயரம் என்று கேட்டார். ஆறடி என்றேன். வாயில் அந்தச் சொல் புதிதாக இருந்தது. அவர் தலையாட்டிவிட்டு வண்டியின் விலையைக் கேட்கத் தொடங்கிவிட்டார்.

மன்னித்துவிட்டாயா என்று கேட்டிருக்கிறீர்கள். இன்னும் இல்லை, அண்ணா. பேர்த்துக்கு இன்னும் ஆயிரத்துத் தொளாயிரம் கிலோமீற்றர் இருக்கிறது. என்னை அவசரப்படுத்தாதீர்கள்.

யோகா